குடியிருப்பவர்

முதலாவது, கையுறை. வேலம்பட்டறை நகராட்சி துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கையுறை கொடுத்த வருடம் எல்லாருக்கும் இடது கை உறை மட்டும் வந்தது. வலது கைக்கானது அடுத்த தடவை வரும் என்றார்கள், வரவில்லை. இரண்டாவது, ராக்கியண்ணன். குப்பையை வலது கையால் அள்ளும்போது ஆஸ்பத்திரி ஊசி குத்தி, எட்டு மாதம் கண்ணும் தோலும் மஞ்சளித்துக் கிடந்து அவர் செத்தபோது, பதிவேட்டில் ‘முள் குத்தியது’ என்று எழுதினார்கள். மூன்றாவது, அது என்ன மரத்து முள் என்று கேட்கப் போன ஆறு பேரைக் குப்பை வண்டியிலேயே ஏற்றிக் காவல் நிலையத்தில் இறக்கியது. நான்காவது, சட்டம். ஊசியை வெட்டி, துளைபடாத வெள்ளை டப்பாவில் போட்டு மூடி, அதற்கென்று வரும் வண்டியில் தர வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் வந்ததால் இரண்டு வருடம் அது வந்ததே கூட்டுகிறவர்கள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஐந்தாவது, டப்பா. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த முதல் வெள்ளை டப்பாக்களில் கிளினிக்குகளும் லேப்புகளும் சர்க்கரையும் காப்பித்தூளும் போட்டு வைத்துக்கொண்டன. மூடி இறுக்கமாக இருந்ததால் எறும்பு ஏறவில்லை. ஆறாவது, கறுப்புப் பை. ஊசிகளை வாழையிலைக்கும் மீந்த சோற்றுக்கும் நடுவில் வைத்துக் கட்டி ஊர்க் குப்பையோடு அனுப்பப் பழகியது. ஏழாவது, அந்தப் பைகளைத் தொழிலாளர்கள் கையால் அவிழ்த்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்க வேண்டும் என்ற உத்தரவு.

இந்த ஏழையும் அங்காத்தாள் எப்போதும் இதே வரிசையில்தான் சொல்வாள். பொதுக்கூட்டமானாலும் டீக்கடையானாலும், கேட்கிறவர் பஸ்ஸுக்கு நின்றாலும், இரண்டாவதை விட்டு மூன்றாவதுக்குத் தாவ மாட்டாள். முப்பத்தொன்பது வருடம் தெருக் கூட்டி ஓய்வு பெற்றவள், அதில் இருபத்தாறு வருடம் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர், இன்றுவரை அவள்தான் செயலாளர். பள்ளிக்கூட வாசலைக் கூட்டியிருக்கிறாள், உள்ளே உட்கார்ந்ததில்லை. கூட்டம் முடிந்த மைதானங்களில் விளக்குமாற்றில் சிக்கிய நோட்டீசுகளை, சிவப்புத் தாள், மஞ்சள் தாள், ரோஸ் தாள் எதையும் விடாமல், முந்தானையில் முடிந்து எடுத்துப் போய், தெருக் கூட்டிய கையாலேயே எழுத்தும் கூட்டி, கடைசியில் ஊரே படிக்கும் நோட்டீசுகளை எழுதுகிறவள் ஆனாள். அவள் நோட்டீசில் ஒரு பிழை இருந்ததாக யாரும் சொன்னதில்லை. சொல்ல அவள் விட்டதில்லை.

அந்தச் சட்டத்தைத் தமிழில் கொண்டுவந்ததும் அவள்தான். ஊசிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் இடத்தில் ‘ஆக்குபையர்’ என்றிருந்தது. பழைய புத்தகக் கடையில் எடுத்த அகராதியைப் புரட்டினாள். இரண்டு பொருள் போட்டிருந்தது. முதல் பொருள், குடியிருப்பவர். இரண்டாவது ஒன்றரை வரி நீளத்துக்கு, அனுபோகம், ஆளுகை, கட்டுப்பாடு என்று வாயில் நுழையாமல் கிடந்தது. நோட்டீசுத் தாள் சிறியது, படிக்கப்போகிறவர்கள் அவளைப் போலவே எழுத்துக் கூட்டுகிறவர்கள், ஆகவே முதல் பொருளை எடுத்துக்கொண்டாள். பத்தொன்பது நாள் வேலைநிறுத்தத்தின் மூன்றாவது கோரிக்கையாக அது அச்சில் வந்தது: ‘துப்புரவுத் தொழிலாளிக்கு ஊசி குத்தினால், அந்தக் குத்துக்கு, ஊசி வந்த இடத்தில் குடியிருப்பவரே பொறுப்பு.’

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவல் நிலையத்தில் அந்த ஆறு பேரிடம் வாங்கிய வாக்குமூலத்தின் அடியில், யாரும் எதையும் படித்துக் காட்டாமலே, ‘படிக்கக் கேட்டேன், சரி’ என்று எழுதி ரேகை உருட்டினார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்தியான அங்காத்தாள் வெளியே வந்ததும் அந்த வரியைச் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எந்தத் தாளானாலும் உரக்கிடங்கின் வாசலில், ஊர்க் குப்பை முழுவதும் வந்து இறங்கும் அந்த இடத்தில், எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கப்படும். எல்லாரும் ஒரே வாயாக ‘படிக்கக் கேட்டோம், சரி’ என்பார்கள். அதற்குப் பிறகுதான் அது தாள், அதுவரை வெறும் காகிதம். மூன்றாவது கோரிக்கையும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் முன்னால் அப்படிப் படிக்கப்பட்டது. இருபதாம் நாள் நகராட்சி ஆணையர் அதை ஒப்பந்தமாக ஏற்றுக் கையெழுத்துப் போட்டார்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, உரக்கிடங்கில் கறுப்புப் பை ஒன்றை அவிழ்த்த மாகாளியின் ஆள்காட்டி விரலில் ஊசி ஒன்று முதல் கணு வரை ஏறியது. மாகாளி சங்கத்தின் துணைச் செயலாளர், ஐம்பது வயது, ஊசிக்குத்து அவனுக்குப் புதிதில்லை. பிடுங்கிவிட்டுப் பார்த்தான். ரத்தமில்லை, துளையில்லை, வலியில்லை. அதே ஒன்பதரை மணிக்கு, இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஊரார் மூணு மாடி என்று அழைக்கும் நர்சிங் ஹோமின் பின்புறம், ஜெனரேட்டருக்கு அடுத்த அறையில், வாட்ச்மேன் ஆறுச்சாமியின் மனைவி மயிலாத்தாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆள்காட்டி விரல் நுனியில் குன்றிமணி அளவுக்கு ரத்தம் ஒரு பொட்டாக எழும்பி மாவில் விழுந்தது. அவள் விரலைச் சப்பிவிட்டுத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

அந்த வாரத்திலேயே ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஊசிப்பொட்டு என்று பெயர் வைத்தார்கள். நகராட்சி ‘விரல் கசிவு’ என்று தலைப்பிட்டு ஒரு பதிவேடு திறந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மாடிப்படிக்குக் கீழே படுத்துக் கிடந்த பிச்சைக்காரருக்குப் பொட்டு வந்தது, அவர் அதைக் காட்டி முன்பைவிட நன்றாகப் பிழைத்தார். பல் வைத்தியரின் கிளினிக்கில் தங்கிப் பெருக்கித் துடைக்கும் பெண்ணுக்கு வந்தது. காது குத்தும் நகைக்கடையில் யாருமே குடியிருக்கவில்லை, அதனால் அங்கே சுவர்க்கடிகாரத்தின் பின்னால் வசித்த பல்லிக்கு முன்காலில் வந்தது. கடைக்காரர் அதற்கு மஞ்சள் வைத்தார், வாடிக்கை கூடியது. பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் விரலைப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் விரலுக்கு மட்டும் மாட்டும் ரப்பர் உறை வந்து, மூன்று நிறங்களில் விற்றது. கடைக்கு மேலேயே குடியிருந்த பச்சை குத்துபவர் ஒருவருக்கும் பொட்டு வந்தது. அவர் இரண்டு நாள் பார்த்துவிட்டு ஒரு வெள்ளை டப்பா வாங்கி, ஊசியையெல்லாம் அதில் போட்டார், பொட்டு நின்றுவிட்டது. ஊரில் டப்பா வாங்கியவர் அவர் ஒருவர்தான். அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உரக்கிடங்கில் நிம்மதி இறங்கியது. குத்தினால் வலிக்காது, மஞ்சள் காமாலை வராது என்று ஆனபிறகு, போராடி வாங்கிய கையுறைகளைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு வெறுங்கையால் பை அவிழ்த்தார்கள். அங்காத்தாள் அதற்குப் பிறகு வந்த மூன்று வாரமும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டுதான் தெருவில் நடந்தாள்.

“சட்டசபை போட்ட சட்டத்துக்கு ஒரு ஊசி அசையல. இந்த அங்காத்தா போட்ட நோட்டீசுக்கு ஊசி பதில் சொல்லுது பாத்தியா,” என்றாள் மாகாளியிடம்.

“சொல்லுதுக்கா. ஆனா யாருகிட்டச் சொல்லுதுன்னுதான் புரியல.” மாகாளி விரல் விட்டு எண்ணினான். “மூணு மாடில டாக்டருக்கு ஒண்ணுமில்ல, வாட்ச்மேன் பொண்டாட்டிக்கு வருது. பல் டாக்டருக்கு இல்ல, பெருக்கற புள்ளைக்கு வருது. படிக்கட்டுப் பிச்சக்காரனுக்கு வருது. பல்லிக்கு வருதுக்கா, பல்லிக்கு! பல்லி எப்பக்கா ஊசி போட்டுச்சு?”

“எல்லாம் அங்கயே கெடக்கறவங்க,” என்று ஆரம்பித்த அங்காத்தாள் நிறுத்திக்கொண்டாள். சங்க அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த தன் நோட்டீசிடம் போய், மூன்றாவது கோரிக்கையை, முப்பது வயதில் எழுத்துக் கூட்டப் பழகியபோது படித்ததுபோல, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். பத்தாவது சொல்லில், ‘குடியிருப்பவரே’ என்பதில், விரல் நின்றது. மாகாளியும் படித்தான். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள்.

மயிலாத்தாள் ஜெனரேட்டர் அறைக்கு வெளியே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கூடைகள். மூணு மாடி ஊரிலேயே பெரிய நர்சிங் ஹோம், அங்கிருந்து வரும் ஊசியும் அதிகம், ஒரு நாளைக்கு இருபது பொட்டு என்று இருந்தது இப்போது நாற்பதைத் தொட்டு, ஒவ்வொரு பொட்டும் புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்திருந்தது. ஊர்ப் பெண்கள் முறை வைத்து அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். திங்கட்கிழமை முருங்கைக்கீரை, செவ்வாய் பேரீச்சம்பழம், புதன் ஆட்டு ஈரல், வியாழன் மாதுளையும் பீட்ரூட்டும், வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழமும் குங்குமமும்கூட வைத்துவிட்டுப் போனார்கள். இதற்கென்று ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு தலைவி, தலைவி பதவிக்கு இரண்டு பேருக்குள் சண்டை. அத்தனை கூடை வந்த வாசலுக்கு ஒரு வெள்ளை டப்பா வரவில்லை.

“வாங்கக்கா. உக்காருங்க, ஈரல் தள்ளி வெச்சுட்டு உக்காருங்க.” மயிலாத்தாளின் உதடு சுண்ணாம்பு நிறத்தில் இருந்தது. “பீட்ரூட்டா தின்னு தின்னு, ஒண்ணுக்குப் போனாக்கூடச் செவப்பாப் போகுதுங்கக்கா. ரத்தம்னு நெனச்சு இவரு மயக்கம் போட்டு விழுந்துட்டாரு. வாட்ச்மேனாம்!”

“ரத்தம் எவ்வளவு இருக்குதாம், அம்மிணி?”

“அஞ்சுங்கறாங்க. பன்னெண்டு இருக்கோணுமாம். டாக்டர் நல்லவருங்க. ரெண்டு தடவை காசு வாங்காம பாட்டில் ரத்தம் ஏத்தி உட்டாரு.”

“ஏத்துன ஊசிய என்ன பண்ணாங்க?”

மயிலாத்தாள் சிரித்தாள். ஆறுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஊசியை அவன்தான் கறுப்புப் பையில் போட்டுக் கட்டி வாசலில் வைத்தான். மறுநாள் காலை அது உரக்கிடங்கில் ஒரு கையில் ஏறியது. முந்தின நாள் உள்ளே போன ரத்தம் அதே விரல் வழியாக வெளியே வந்தது. பாட்டிலுக்கும் விரலுக்கும் நடுவில் மயிலாத்தாள் ஒரு குழாயாக இருந்தாள், குழாய் தேய்ந்துகொண்டிருந்தது.

“இந்த ரூமை உட்டுட்டுப் போயிருங்களேன்.”

“போனோமுங்க,” என்றான் ஆறுச்சாமி. “நாலு நாள் எங்க மாமன் ஊட்டுல இருந்தோம். இவளுக்கு நின்னுருச்சு. ஆனா ரூமுக்குப் புதுசா வந்தாங்கல்லங்க, அந்த வாட்ச்மேனோட கைக்கொழந்தைக்கு வந்துருச்சு. மூணு மாசக் கொழந்தைங்க. இவதான், எந்திரிங்க போலாம்னு கூட்டிட்டு வந்துட்டா.”

“கொழந்தைக்கு ஈரல் திங்கத் தெரியாதுல்லங்கக்கா,” என்றாள் மயிலாத்தாள்.

அங்காத்தாள் மேலே போய் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் லோகசுந்தரம் நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்காரச் சொன்னார். வேலம்பட்டறையில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள், அவர் யாரையும் ஒருமையில் பேசியதில்லை.

“எனக்கும் மனசு கேக்கலைங்கம்மா. மாத்திரை, டானிக் எல்லாம் குடுக்கறேன். ஆனா உங்க நோட்டீஸ்லயே தெளிவா இருக்கே, குடியிருப்பவர்னு. நான் இங்க குடியிருக்கலையே. என் வீடு கோர்ட் ரோட்டுல இருக்கு.”

செயலாளரான இத்தனை வருடத்தில் அவளுடைய நோட்டீசை அவளுக்கே ஒருவர் எடுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டாள்.

அன்றே நகராட்சிக்குப் போய், ஆணையரின் அறையில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, ஒப்பந்தத் தாளில் ‘இடத்தில் குடியிருப்பவரே’ என்பதை அடித்து மேலே ‘இடத்தை நடத்துபவரே’ என்று எழுதினாள். அடித்தல் ஒன்று, திருத்தல் ஒன்று என்று ஓரத்தில் குறித்தார்கள், ஆணையர் சுருக்கொப்பம் போட்டார், முத்திரை விழுந்தது. மறுநாள் காலை மயிலாத்தாளின் விரலில் நாற்பத்தொரு பொட்டு வந்தது. இரண்டாம் நாள் நாற்பத்து மூன்று.

“கதவைச் சாத்திட்டுத் திருத்துனா எப்படிக்கா நிக்கும்?” என்றான் மாகாளி. “முந்நூறு பேரு சரின்னு சொன்னது. முந்நூறு பேரு காதுலயும்தான அடிக்கோணும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் கதவைச் சாத்துனியாக்கும்.”

நோட்டீசைக் கிழித்தவர்களை அவளுக்குத் தெரியும், நோட்டீசுக்காக அடித்தவர்களைத் தெரியும், தான் எழுதிய நோட்டீசில் பிழை என்று கிடங்கு வாசலில் நின்று சொல்லிக்கொண்ட ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

“இன்னொண்ணு,” என்றான் மாகாளி. “நடத்துபவருன்னு எழுதறே. நாளைக்கு, நான் நடத்தல, மேனேஜர் நடத்தறாரும்பாங்க. மேனேஜரு, ஆயா நடத்தறாம்பாரு. வார்த்தைன்னு ஒண்ணு வெச்சா அதுக்குள்ளாற யாரையாவது தள்ளி உட்டுட்டு இவங்க வெளிய நின்னுக்குவாங்க. மறுபடியும் வார்த்தைய நம்பாதக்கா. பேரையே எழுது.”

அவள் டாக்டர் பேரை எழுதி வாசலில் படிக்கப்போகிறாள் என்ற செய்தி எப்படியோ பரவி, அடுத்த நாள் மத்தியானம் ஊர் அவள் வீட்டுக்கு வந்தது. வணிகர்கள் வந்தார்கள், சாப்பாட்டுக் கமிட்டியின் தலைவிகள் இருவரும் சண்டையை மறந்து சேர்ந்து வந்தார்கள், உரக்கிடங்கிலிருந்து தொழிலாளர்கள் நாலு பேரும், அவள் முகத்தைப் பார்க்காமல், பின்னால் வந்து நின்றார்கள்.

“டாக்டர் விரல் கசிஞ்சா ஊருக்கு ஆபரேஷன் யாருங்க பண்றது?” என்றார் ஒரு வணிகர். “என் மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம்.”

“மயிலாத்தாள நாங்க உட்ருவமாங்கக்கா? சாமி மாதிரி வெச்சுப் பாத்துக்கறோம். வேணும்னா ஞாயித்துக்கெழமையும் ஈரல் தர்றோம்,” என்றாள் ஒரு தலைவி.

தொழிலாளர்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: “நமக்குத்தான் இப்பக் குத்தறதில்லயேக்கா. எதுக்கு மறுபடியும் தோண்டிக்கிட்டு.”

அங்காத்தாள் அவனை மட்டும் பார்த்தாள். “உனக்குக் குத்தறப்ப ஊரு இதேதான்டா சொல்லுச்சு. நமக்கில்லயேன்னு.” பிறகு எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அச்சகத்துக்குப் போகாமல், கையாலேயே ஒரு தாளை எழுதினாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உரக்கிடங்கின் வாசலில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் குறைவாக நின்றார்கள். அந்த இருவர் இடையில் இறந்துபோயிருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஊர் நின்றது. உள்ளே குப்பை நிற்காமல் வந்துகொண்டிருந்ததால் மாகாளியும் நாலு பேரும் பிரிப்புக் கூடத்தின் கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து, கையில் வேலையும் காதில் கூட்டமுமாக இருந்தார்கள். மயிலாத்தாளை ஆறுச்சாமி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, கவிழ்த்த குப்பைத் தொட்டியின் மேல் உட்காரவைத்தான். அவள் விரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. டாக்டரின் கார் எடைமேடையின் பக்கத்தில் வந்து நின்றது. அவர் இறங்கி, இரண்டு கையையும் பேண்ட் பைகளுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

அங்காத்தாள் படித்தாள். “திருத்தம் ஒன்று. நமது மூன்றாவது கோரிக்கையில் குடியிருப்பவர் என்று இருந்த சொல் பிழை. பிழை நகராட்சியுடையது அல்ல. அச்சகத்துடையது அல்ல. எழுதியது சங்கச் செயலாளர் அங்காத்தாள்.”

“கேக்கலக்கா! சத்தமா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது கேலியா, நிஜமாகவே கேட்கவில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளை இறக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, மனப்பாடமாக, முன்பைவிட இரண்டு பங்கு சத்தத்தில், பிழை என்ற சொல்லிலிருந்து தன் பெயர் வரைக்கும் மறுபடியும் சொன்னாள்.

எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னார்கள்: “படிக்கக் கேட்டோம், சரி.”

“திருத்தம் இரண்டு. குத்துக்குப் பொறுப்பு, அந்த இடத்தை நடத்துபவருக்கு. நடத்துபவர் இன்னார் என்று பெயர் சொல்லிப் படிக்கப்படும்.”

“ஒரு நிமிஷம்ங்கம்மா,” என்றார் டாக்டர். குரலில் கோபமில்லை. “டப்பா, ஊசி வெட்டற மிஷின் எல்லாமே நாளைக்கே வாங்கிடறேன். சாட்சிக்கு இத்தனை பேர் இருக்காங்க. பேர் மட்டும் வேண்டாம். நாளைக்குக் காலைல எனக்கு மூணு ஆபரேஷன் இருக்கு. இந்த விரலை நம்பி மூணு உசிரு படுத்திருக்கு.”

கூட்டத்தில் பாதி, அவர் கையில் பிறந்த பாதி, அங்காத்தாளைப் பார்த்தது.

“டப்பா வாங்கிட்டீங்கன்னா ஊசி யாரையும் குத்தாதுங்க,” என்றாள் அவள். “குத்தாட்டி உங்க விரலுக்கு ஒண்ணும் வராதுங்க. அப்பறம் பேரு இருந்தா என்னங்க, இல்லாட்டி என்னங்க?”

டாக்டர் கைகளைப் பேண்ட் பைகளுக்குள் இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டார். அந்த நேரம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஒரு பை அவிழ்ந்து, விரலில் ஊசி ஏறி, வலிக்காவிட்டாலும் பழக்கத்தில் மாகாளி ‘ஸ்’ என்றான், இந்தப் பக்கம் மயிலாத்தாளின் விரலில் சுற்றிய துணியில் சிவப்பு ஊறிப் பெருகி மடியில் சொட்டியது. அவள் சத்தமில்லாமல் ஆறுச்சாமியின் தோளில் சாய்ந்தாள். கமிட்டித் தலைவி ஒருத்தி மாதுளைக் கூடையோடு எழுந்து ஓடிவந்தாள். அங்காத்தாள் ஒரு கையை நீட்டி அவளை நிறுத்தினாள், மறு கையில் தாளைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள், பத்திரத்தில் படிப்பதுபோல் தகப்பன் பெயரோடு, ஒரு எழுத்தையும் விழுங்காமல் படித்தாள்:

“மூன்று மாடி நர்சிங் ஹோமை நடத்துபவர், கோர்ட் ரோடு, மருதாசலம் மகன் லோகசுந்தரம்.”